ஆறு சென்டிமீட்டர் சாலை

மலைப்பாதைப் பிரிவு முகாம்
பிப்ரவரி 11

பாப்பாவின் அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ் பதினோரு மணி நேரம் எடுத்தது. கடைசி இரண்டு மணி நேரம் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தடுப்புச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையடித்த தகர டப்பாக்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர், "பயப்படாதீங்க சார், டிரைவருக்கு மனப்பாடம்" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

முகாமில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு மேலாளர், மூன்று துணை மேலாளர்கள், தலைக்கு இரண்டு உதவியாளர்கள், ஒரு கணக்கர். எல்லாரும் நம் சாலைக் கழகத் தலைவரின் கட்சிக்காரர்களில் யாருக்கோ வேண்டியவர்கள். ஆள் பதிமூன்று, நாற்காலி எட்டு. எழுந்தால் இடம் போய்விடும் என்று உட்கார்ந்தவர் எழுந்திருப்பதே இல்லை. ரோலர் ஒன்று இருக்கிறது. அதற்கு நான்கு டிரைவர்கள். எஞ்சின்தான் இல்லை. குழி அடைக்கிற கூலியாட்கள் இரண்டே பேர். பரிசோதனைக்கூடம் என்று ஓர் அறையைக் காட்டினார்கள். உள்ளே மேலாளரின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

இங்கே செல்போன் டவர் கிடையாது. ஆபீஸ் மேஜையில் ஒரு போன் உண்டு, அதைச் சுற்றிப் பதிமூன்று ஜோடிக் காதுகளும் உண்டு. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

கிளம்புகிற அவசரத்தில் சொல்லாமல் வந்த ஒன்று. படுக்கையறை அலமாரிக்கு மேல் இருக்கிற பழுப்பு சூட்கேஸை யாரும் தொடாமல் பார்த்துக்கொள். நம் ஊரைச் சுற்றிப் போகிற வட்டச் சாலையில் துளைபோட்டு எடுத்த தார்த்துண்டுகள் மூன்று அதில் இருக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் ஜோடியாக எடுத்தேன். தலைமை அலுவலகப் பரிசோதனைக்கூடத்தில் வைத்தவை மறுநாளே காணாமல் போயின. வீட்டில் இருப்பவைதான் மிச்சம். பத்து சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டிய தார், ஆறு சென்டிமீட்டர்தான் இருக்கிறது. பத்து என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றதற்குத்தான் இந்த மலைவாசம். ஒவ்வொரு துண்டிலும் இடமும் தேதியும் எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். உனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அது போதும்.

பாப்பாவின் சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொல். அடிக்கடி இறங்குகிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

—

பிப்ரவரி 19

பாப்பா அப்பாவுக்கு,

உங்க கடிதத்தைப் பாப்பா சத்தமாப் படிச்சா. ரோலர் வரைக்கும் சிரிச்சா, சூட்கேஸ் வந்ததும் நான் பிடுங்கிட்டேன். பதிமூணு வயசுப் பொண்ணு, பள்ளிக்கூடத்துல எதையாவது உளறி வச்சா யார் பதில் சொல்றது?

வீட்டுக்குள்ளயே வெடிகுண்டை வச்சுட்டுப் போன மாதிரி இருக்கு. அந்த அலமாரிப் பக்கமே நான் போறதில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி முதல் நோட்டீஸ் வந்துடுச்சு. "உங்க வீட்டுக்காரர் பேர்ல உள்ள வீடு, அவர் இங்க இல்லையே" அப்படிங்கிறார் கிளார்க். நானும் இதே கழகத்துலதான் கோப்புப் பிரிவுல பன்னெண்டு வருஷமா இருக்கேன்னேன். "உங்க கிரேடுக்கு ஒரு ரூம்தாம்மா வரும்"னார். பன்னெண்டு வருஷமா என்னை அக்கா அக்கான்னு கூப்பிட்டவர், திடீர்னு அம்மான்னுட்டார்.

என் தம்பி வந்திருந்தான். நம்ம கழகத்துல சாலை அழகு ஆலோசகர்னு விசிட்டிங் கார்டு அடிச்சிருக்கான். வட்டச் சாலை நடுவுல பிளாஸ்டிக் பூத்தொட்டி வைக்கிறதுதான் வேலையாம். "நிஜப்பூ வச்சா தண்ணி ஊத்தணுமேக்கா"ன்னான். நீங்க இருந்திருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பீங்க. நான் சாப்பாடு போட்டேன். நிரந்தரம் ஆகிற வரைக்கும் அவனுக்கு மூச்சுவிடவே பயம். மாமா ஏன் இப்படிப் பண்றார்னு கேட்டுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கையெழுத்துப் போடலைங்கிறதையே உங்க டெஸ்டிங் வேன்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சைக்கிளுக்கு டியூபே மாத்தியாச்சு.

பாப்பா அம்மா

—

மலைப்பாதைப் பிரிவு முகாம்
மார்ச் 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நான் தடுமாறிவிடுவேன் என்று பயந்தேன். மன்னித்துக்கொள்.

நல்ல செய்தி ஒன்று. வட்டச் சாலையைப் பற்றி நான் அரசுக்கு அனுப்பிய மனு எடுபட்டிருக்கிறது. மழையில் வட்டச் சாலை பெயர்ந்து அந்தப் பள்ளிக்கூட ஆசிரியை ஸ்கூட்டரோடு விழுந்தாரே, அவருடைய வீட்டாரும் புகார் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து, கழகத்துக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரியை விசாரிக்கப் போட்டிருக்கிறார்கள். மார்ச் 25, காலை பத்தரை, தலைமை அலுவலகம், முதல் மாடி. ஆதாரம் இருந்தால் நேரில் கொண்டுவரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கிறது.

மேலாளர் ஒரே ஒரு நாள் லீவுதான் தருவார். முந்தின இரவு பஸ்ஸைப் பிடித்தால் காலை பத்து மணிக்கு அங்கே இறங்குவேன். வீட்டுக்குப் போய் எடுத்துவர நேரம் இருக்காது. நீ அந்தக் கட்டடத்தில்தானே வேலை பார்க்கிறாய். துண்டுகளைத் துணியில் கட்டிப் பையில் போட்டு எடுத்து வா. மாடிப்படி அருகே நிற்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சாலையை முதல் தடவை போட்டபோது நான் கையெழுத்துப் போட்டேன். அதுவும் ஆறு சென்டிமீட்டர்தான். உன் தம்பிக்கு வேலை தருகிறேன் என்று தலைவர் சொன்னார், நீ அழுதாய், நான் போட்டேன். அந்தச் சாலைதான் ஒன்றரை வருடத்தில் பல்லிளித்தது, திரும்பவும் போட்டார்கள். ஊர்ப் பணத்தை இரண்டு தடவை ஒரே சாலையில் கொட்டியதில் முதல் தடவைக்கு நானும் உடந்தை. அதிகாரியிடம் அதையும் சொல்லிவிடப் போகிறேன். என் தப்பை மறைத்துக்கொண்டு அடுத்தவன் தப்பை மட்டும் காட்ட என்னால் முடியாது.

பாப்பாவின் அப்பா

—

மார்ச் 9

பாப்பா அப்பாவுக்கு,

மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது நாலாவது.

துண்டைக் காட்டுங்க. சாலை மோசம்னு சொல்லுங்க. வேண்டாங்கலை. ஆனா அந்தப் பழைய கையெழுத்தை ஏன் இழுக்கிறீங்க? யார் கேட்டா? நீங்க சொன்ன மறுநிமிஷம் என் தம்பி வேலை போகும். வேலை மட்டுமா? லஞ்சமா வாங்கின வேலைன்னு பேப்பர்ல வரும். அவனுக்கு இப்பதான் பொண்ணு பார்த்திருக்கோம்.

உங்களையும் சேர்த்து வேலையை விட்டு எடுப்பாங்க. அப்புறம் ஒரு ரூம் வீட்டுக்கும் வழியில்லை. உங்களுக்கு மனசாட்சி சுத்தமாகும். அதுக்கு நாங்க மூணு பேர் சோப்பா?

கருப்புக் கண்ணாடி நேத்து செக்‌ஷனுக்கு வந்தார். அதான், வட்டச் சாலை போட்ட அந்தக் கான்ட்ராக்டர். எல்லார் முன்னாடியும் என் மேஜைகிட்ட நின்னு, "சார் எப்படி இருக்கார்? மலைக்காத்து ஒத்துக்குதா? சீக்கிரம் கூட்டிட்டு வந்துடலாம்மா"ன்னார். கண்ணாடியைக் கழட்டவே மாட்டார், அதனால அவர் கேலி பண்றாரா நிஜமாச் சொல்றாரான்னு தெரியலை.

பாப்பா உங்க சட்டையை எடுத்துத் தலைகாணிக்குப் போட்டுத் தூங்குறா. கேட்டா, உறை கிழிஞ்சு போச்சும்மாங்கிறா. உறை கிழியலை.

நல்லா யோசிச்சு எழுதுங்க. உங்க கால்ல விழுறேன்னு வச்சுக்கோங்க.

பாப்பா அம்மா

—

மலைப்பாதைப் பிரிவு முகாம்
மார்ச் 15

பாப்பாவின் அம்மாவுக்கு,

யோசித்தேன். நான்கு நாள் யோசித்தேன். நேற்று இங்கே ஒரு பால் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஆள் பிழைத்தார், இடுப்பெலும்பு போய்விட்டது. தகர டப்பா எத்தனை கிலோ தாங்கும்? தடுப்புச் சுவருக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று மேலாளரிடம் கேட்டேன். "வட்டச் சாலைக்குத் திருப்பிவிட்டாங்க சார், அவசரம்னு" என்றார். எதற்கு? இரண்டாம் தடவை தார் போடவும், நடுவில் பிளாஸ்டிக் பூத்தொட்டி வைக்கவும்.

உன் தம்பி என் தம்பியும்தான். அவனுக்கு வேறு வேலை தேடலாம். நான் கூடவே அலைகிறேன். ஆனால் சொல்லத்தான் போகிறேன்.

25-ஆம் தேதி பையோடு வா.

பாப்பாவின் அப்பா

—

மார்ச் 19

பாப்பா அப்பாவுக்கு,

கொண்டு வர்றேன்.

ராத்திரி பஸ்ல சால்வையை மறந்துடாதீங்க.

பாப்பா அம்மா

—

மலைப்பாதைப் பிரிவு முகாம்
மார்ச் 27

உனக்கு,

அன்றைக்கே உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாய். நான் உன்னைத் தாண்டிப் போய் பஸ் ஏறினேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், எனக்காக.

மாடிப்படி அருகே நீ பையைக் கொடுத்தாய். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாய். நான் இல்லை என்றேன். நீ தரையைப் பார்த்தாய். தூக்கம் கெட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். உன்னை அலையவிட்டோமே என்று வருத்தப்பட்டேன்.

உள்ளே அந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நான் சொல்வதை எழுதிக்கொண்டே வந்தார். ஒரு ஓரத்தில் கருப்புக் கண்ணாடி, பக்கத்தில் தலைவரின் செயலாளர். நான் முதலில் சாலையைப் பற்றிச் சொன்னேன். என் பழைய கையெழுத்தைத் துண்டுகளைக் காட்டியபிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். "எங்கே, காட்டுங்க" என்றார். முடிச்சை அவிழ்த்தேன்.

எடுத்த உடனே கைக்குத் தெரிந்துவிட்டது. கனம். இருபது வருடமாகத் தார் அளக்கிறவன் கை இது. நான் மேஜையில் வைப்பதற்குள் செயலாளர் ஸ்கேலை நீட்டிவிட்டார். அளந்தார்கள். பத்து. அடுத்தது பத்தேகால். மூன்றாவது பத்து.

"சீட்டில் இருக்கிறது உங்க கையெழுத்துதானே?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா."

"துண்டு உங்க கைவசம்தான் இருந்ததா?"

என் வீட்டில் இருந்தது என்றேன். வேறு என்ன சொல்வது? என் மனைவி மாற்றிவிட்டாள் என்றா? கருப்புக் கண்ணாடி இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடினார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பாவம் என்பதுபோல இருந்தது. அதற்குப் பிறகு என் பழைய கையெழுத்தைப் பற்றி ஆரம்பித்தேன். "போதும், இன்னொரு கதை வேண்டாம்" என்றார். பொய்யன் ஒருவனின் வாக்குமூலத்தை யார் எழுதிக்கொள்வார்?

அந்தச் சீட்டுகளை உற்றுப் பார்த்தேன். ஓரம் கொஞ்சம்கூடக் கிழியவில்லை. தேதியில் இருந்த ஏழு மட்டும் லேசாகக் கரைந்திருந்தது. புது டம்ளரில் ஒட்டியிருக்கிற விலைச் சீட்டை நீ எப்படி எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். வெந்நீரில் துணியை நனைத்து மேலே போட்டுக் காத்திருப்பாய். நகமே படாது. "அவசரப்பட்டா பிசுபிசுப்பு நிக்கும்" என்பாய். எனக்கும் பாப்பாவுக்கும் அந்தப் பொறுமை வராது.

யாரோ வீடு புகுந்து மாற்றியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்களுக்கு நான் எதிரி. நீ அடுப்பில் வெந்நீர் வைத்து, மூன்று சீட்டையும் நிதானமாக எடுத்து, அவர்கள் தந்த துண்டில் ஒட்டி, காயவைத்து, என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டாய்.

பதில் எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

—

ஏப்ரல் 6

பாப்பா அப்பாவுக்கு,

ஆமா. நான்தான்.

தம்பி ஒரு அட்டைப் பெட்டியில கொண்டு வந்தான். அழுதான். வேற எந்த வழியும் இல்லைக்கான்னான். அவனைத் திட்டாதீங்க, அவன் சொன்னான், பண்ணினது நான். அதே சாலையில தலைவர் வீட்டு வாசல்ல மட்டும் நிஜமாவே பத்து சென்டிமீட்டர் போட்டிருக்காங்களாம். அங்க வெட்டினது.

எனக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? துண்டு சரியா இருந்தா கேஸ் அதோட முடிஞ்சுடும், உங்க மேல நடவடிக்கை இருக்காது, ரெண்டு மாசத்துல இங்கயே போஸ்டிங்னு. செயலாளரே சொன்னார். நீங்க அவமானப்படுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதை யோசிக்காம இல்லை. அவமானம் ஆறு மாசத்துல ஆறிடும், வேலை போனா ஆறாதுன்னு நினைச்சேன். இன்னும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீங்க என்னை நம்பி வச்சீங்க. சரி. அதே நம்பிக்கையோட, நான் காலைப் பிடிச்சு எழுதின கடிதத்தைப் படிச்சீங்களா? "சொல்லத்தான் போகிறேன்". அவ்வளவுதான் எனக்குப் பதில். இந்த வீட்டுல முடிவெல்லாம் நீங்க எடுப்பீங்க, பையை மட்டும் நான் தூக்கிட்டு வரணும். அன்னிக்கு ஒரு நாள் நானும் ஒரு முடிவு எடுத்தேன்.

இதை எழுதுறப்போ தைரியமாத்தான் இருக்கு. ஆனா வராந்தாவுல நீங்க என்னைத் தாண்டிப் போனீங்களே, அப்போ உங்க சால்வை என் கை மேல பட்டுது. அதை இன்னும் என்னால தட்டிவிட முடியலை.

தம்பிக்கு நிரந்தர ஆர்டர் வந்துடுச்சு. குவார்ட்டர்ஸ் நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. உங்க போஸ்டிங் பத்திக் கேட்டேன். பார்க்கலாம்மான்னாங்க.

பாப்பா அம்மா

—

மே 9, வியாழக்கிழமை

பாப்பா அப்பாவுக்கு,

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, நீங்க ஒரு வரி போடலை. பாப்பாவுக்கு மட்டும் தனியா எழுதுறீங்க. அவ காட்ட மாட்டேங்கிறா. பரவாயில்லை.

இன்னிக்கு என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்துது. வட்டச் சாலை, அவசரப் பராமரிப்பு, முழு நீளத்துக்கும் புதுத் தார். மூணாவது தடவை! உங்க விசாரணையில முழுசா நல்லா இருக்குன்னு தீர்ப்பான சாலை. அதை எதுக்குத் திரும்பப் போடணும்? கேட்டதுக்கு செயலாளர் சொன்னார்: "அடியில என்ன இருக்குன்னு யாரும் இனிமே தோண்டக் கூடாது, அவ்வளவுதான்மா." சிரிச்சுக்கிட்டே சொன்னார். நான் அவங்க ஆளாம்.

மேற்பார்வைன்னு கையெழுத்து யாருது தெரியுமா? என் தம்பியோடது. பூத்தொட்டி வைக்கிறவன்! ஏன்டான்னு கேட்டேன். "நிரந்தரம்னா சும்மாவாக்கா"ன்னான். இந்தத் தடவை அழலை.

உங்க போஸ்டிங்கும் கிடையாதாம். அங்கயே மூணு வருஷம்னு முடிவு பண்ணிட்டாங்களாம். என்னை நல்லா ஏமாத்திட்டாங்க.

திங்கட்கிழமை 13-ஆம் தேதி காலையில மெஷின் இறங்குது. அதுக்கு முன்னாடி வந்து வெட்டி எடுத்தா ஆறு சென்டிமீட்டர் அப்படியே கிடைக்கும். வேன்காரர் துளைபோடுற மெஷினைத் தர்றேன்னுட்டார். அந்த ஆசிரியை வீட்டாரும் கூட வந்து சாட்சி நிக்கிறோம்னாங்க. போன்ல சொல்ல முடியாது, உங்க முகாம் காதெல்லாம் கேட்கும். வழக்கமா மூணாம் நாள் தபால் கிடைச்சுடும். சனிக்கிழமை கிடைச்சா அன்னிக்கு ராத்திரியே கிளம்பிடுங்க.

வாங்க. நான் இந்தத் தடவை கூட நிக்கிறேன்.

பாப்பா அம்மா

—

மலைப்பாதைப் பிரிவு முகாம்
மே 18

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்று, வெள்ளிக்கிழமை கிடைத்தது.

படித்ததும் முதலில் தபால்காரரிடம் சண்டைக்குப் போனேன். எட்டு நாள் எங்கே வைத்திருந்தாய், ஒரு வாழ்க்கையையே நாசம் பண்ணிவிட்டாயே என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். வயதானவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "முத்திரையைப் பாருங்க சார், நாங்க லேட் பண்ணலை" என்றார்.

பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. உன் ஆபீஸ் எதிரில் இருக்கும் தபால் நிலையத்தின் முத்திரை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை எழுதியிருக்கிறாய். எழுதும்போது நிஜமாகத்தான் எழுதினாய். உன் எழுத்து எனக்குத் தெரியும், கோபத்தில் வரி மேலே ஏறும். அப்படித்தான் ஏறியிருக்கிறது. பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை மெஷின் இறங்குகிற வரைக்கும் கடிதம் உன் கைப்பையில் இருந்திருக்கிறது. தார் ஊற்றி, ரோலர் ஓடி முடிந்தபிறகு, மறுநாள் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பெட்டியில் போட்டிருக்கிறாய்.

யாராவது பயமுறுத்தினார்களா, தம்பி காலைப் பிடித்தானா, பாப்பாவைப் பார்த்ததும் மனம் மாறியதா என்று நேற்று முழுக்க உனக்காக நானே காரணம் தேடிக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒன்று இருக்கும். எழுதாதே, எனக்கு வேண்டாம். கிழித்துப் போட்டிருந்தால் பயந்துவிட்டாள் என்று இருந்திருப்பேன். அப்படி ஒரு கடிதம் இருந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. என்னிடம் நல்லவளாகவும் இருக்க வேண்டும், நான் வந்துவிடவும் கூடாது. துண்டை மாற்றியதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். அது அவர்கள் சொல்லி நடந்தது. இதை யாரும் உன்னிடம் சொல்லவில்லை.

எனக்கு ஒரு வருட ஊதிய உயர்வு ரத்து. அதிகாரியை ஏமாற்ற முயன்றேன் என்று பணிப் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யப் போவதில்லை. காட்ட என்னிடம் எதுவும் இல்லை. பால் வண்டி விழுந்த இடத்தில் கூலியாட்கள் இரண்டு பேரும் நானும் கல் அடுக்கிக்கொண்டிருக்கிறோம். மேலாளர் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறார். இடுப்பு உயரம் வந்துவிட்டது.

பள்ளி விடுமுறைக்கு இங்கே வருகிறேன் என்று பாப்பா எழுதியிருக்கிறாள். அனுப்பு. தனியாக அனுப்பாதே, மலையடிவார பஸ் நிலையம் வரைக்கும் நீ கூட வா. 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நான் அங்கே நிற்பேன். நீங்கள் வந்த பஸ் பத்து நிமிஷத்தில் அப்படியே திரும்பிவிடும்.

அவள் பையை நானே பஸ்ஸில் ஏறி எடுத்துக்கொள்கிறேன். நீ இறங்க வேண்டாம்.

பாப்பாவின் அப்பா